எட்டு மீன்களும் ஒரு மூன்றடித் தொட்டியும்

"எந்த மீனோட எந்த மீனைப் போடலாம்?"

வீட்டில் மீன் வளர்க்கிறேன் என்று தெரிந்ததும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். போன மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அதில் ஒருவர் சென்னை கொளத்தூர்க்காரர். வாசலை விட்டு இறங்கினால் வரிசையாக வண்ணமீன் கடைகள். அவருக்கே சந்தேகம்! கடைக்காரரைக் கேட்டால் கொளத்தூரானாலும் கொல்கத்தாவானாலும் ஒரே பதில்தான் வரும். "எல்லாம் சேர்ந்து இருக்கும் சார், ஒண்ணும் பண்ணாது." கவரில் கட்டிக் கொடுக்கும்போது எல்லாம் சேர்ந்துதான் இருக்கும். ஆறு மாதம் கழித்து யார் யார் பாக்கி இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும் :-)

இதற்குப் பட்டியல் போட்டுக் கொடுப்பது சுலபம். ஆனால் பட்டியல் நமக்கு மறந்துவிடும். அதனால் பட்டியலுக்குப் பதிலாக ஒரு தொட்டியின் கதையைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளம். டீயோ காபியோ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

எனக்குச் சொந்த ஊர் மதுரை. வங்கி வேலை. மூன்று வருஷத்துக்கு ஒரு முறை மூட்டை கட்ட வேண்டிய பிழைப்பு. போன வருஷம் ஜூன் மாதம் மாற்றல் கொல்கத்தாவுக்கு வந்தது. வீடு கிடைத்தது பெஹாலாவில். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு சௌரவ் கங்குலியின் ஊர் என்றால் புரியும். நகரின் தென்மேற்கு மூலை. நடுவில் டயமண்ட் ஹார்பர் ரோடு, அதன் தலைக்கு மேலே மெட்ரோ. 2022 டிசம்பரில் ஜோகாவிலிருந்து தாராதலா வரைக்கும் திறந்தார்கள், 2024 மார்ச்சில் மாஜேர்ஹாட் வரை நீட்டினார்கள். பெரிய ரோட்டை விட்டு உள்ளே இரண்டு திருப்பம் திரும்பினால் சத்தம் எல்லாம் அடங்கி, குளமும் மாமரமும் பழைய இரண்டு மாடி வீடுகளுமாக வேறு ஊர். வங்காளத்தில் குளத்துக்குப் புகூர் என்று பேர். எங்கள் வீட்டுக்கு எதிரிலேயே ஒரு புகூர் இருக்கிறது.

கீழே வீட்டுக்காரர்கள், மேலே நாங்கள். வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. நாங்கள் கூப்பிடுவது 'மாஷிமா'. நம்ம ஊரில் சித்தி, பெரியம்மா என்கிற மாதிரி. எங்களுக்கு முன்னால் அந்த மாடியில் குடியிருந்தவர் அவசர மாற்றலில் டெல்லிப் பக்கம் போய்விட்டார். போகும்போது ஹாலில் ஒரு மீன் தொட்டியை அப்படியே விட்டுவிட்டுப் போனார். நாங்கள் வருகிற வரைக்கும் மாஷிமாதான் மூச்சு வாங்க மாடி ஏறி வந்து தீனி போட்டிருக்கிறார்.

"ஏங்க, பீரோ வைக்கிற இடத்துல இது நிக்குதே" என்றார் தங்கமணி. மகளோ வந்த நிமிஷமே கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். பீரோ படுக்கை அறைக்குப் போனது. (தீர்ப்பு எப்பவும் அப்படித்தான்.)

தொட்டி மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரையடி உயரம். பெருக்கினால் நாலரை கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் கணக்கு, ஆக 127 லிட்டர். மணல், கல், மேலே விடுகிற இடைவெளி எல்லாம் கழித்தால் சுமார் 105 லிட்டர் தண்ணீர் நிற்கும். சின்ன வீட்டுக்குப் போதுமான, நல்ல தொட்டிதான்.

உள்ளே இருந்தவர்கள் எட்டுப் பேர்.

ஆஸ்கர் ஒன்று. அமேசான் ஆற்றுக்காரர். அப்போது நாலு அங்குலம்தான். ஆனால் அது குழந்தைப் பருவம். வளர்ந்தால் ஓரடி. பத்து வருஷத்துக்கு மேலும் வாழும். வாய்க்குள் எது நுழையுமோ அதெல்லாம் அதற்கு உணவு.

சக்கர் ஒன்று. கண்ணாடியில் வாயை வைத்து ஒட்டிக்கொண்டிருக்குமே, 'டேங்க் கிளீனர்' என்று சொல்லி விற்பார்களே, அதுதான். இதுவும் தென் அமெரிக்கா. கடையில் சுண்டுவிரல் அளவு இருக்கும், வளர்ந்தால் ஓரடிக்கு மேலே போகும். எங்களுடையது அப்போதே அரையடி. சுத்தம் செய்ததைவிட அசுத்தம் செய்ததுதான் அதிகம்.

டைகர் பார்ப் மூன்று. சுமத்ரா, போர்னியோ பக்கத்து மீன். பத்துப் பேர் சேர்ந்து இருந்தால் தங்களுக்குள்ளேயே துரத்தி விளையாடிக்கொள்ளும். இரண்டு மூன்று மட்டும் இருந்தால் பொழுது போகாமல் அடுத்தவர் துடுப்பைக் கடிக்கும். யாருக்குத் துடுப்பு நீளமோ அவர் பாடு திண்டாட்டம்.

கோல்டு ஃபிஷ் இரண்டு. சீனாக்காரர்கள். குளிர்ந்த தண்ணீர் பிடிக்கும். நிறையத் தின்னும், நிறையக் கழியும், ஒரு சாண் நீளத்துக்கு வளரும்.

கடைசியாக ஒரு கௌராமி. இரண்டரை அங்குலம். உடம்பு முழுக்கச் சிவப்பும் நீலமுமாகச் சாய்கோடுகள். இந்த மீனுக்கு வயிற்றுப் பக்கம் நூல் மாதிரி இரண்டு நீளத் துடுப்புகள் உண்டு. அதை முன்னால் நீட்டித் தடவித் தடவித்தான் வழி பார்க்கும். நம்ம மீனுக்கு அந்த இரண்டு நூலுமே இல்லை. டைகர் பார்ப் தின்று தீர்த்திருந்தது. ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் ஒண்டிக்கொண்டிருக்கும், காற்றுக் குடிக்க மட்டும் மேலே வந்துவிட்டுத் திரும்பப் போய் ஒளிந்துகொள்ளும். இந்த வகை மீன்களுக்குத் தலையில் மூச்சுக்கென்று தனி உறுப்பு உண்டு, மேலே வந்து காற்றை நேரடியாகவே எடுத்துக்கொள்ளும்.

ஆக ஒரே தொட்டியில் நாலு தேசம், மூன்று விதமான வெப்பநிலைத் தேவை, ஓரடி வளரக்கூடியவர் இரண்டு பேர். இவர்களில் யாரும் போக்கிரி இல்லை. ஒவ்வொருவரும் அவரவர் சுபாவப்படிதான் நடந்துகொண்டார்கள். சேர்த்து வைத்த விதம்தான் சரியில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை மாஷிமா மேலே வந்தார். கண்ணாடி மாட்டிக்கொண்டு, குழாய்க்குப் பின்னால் இருந்த கௌராமியை உற்றுப் பார்த்தார்.

"ஏ தோ கொல்ஷே!" என்றார். இது கொல்ஷே ஆச்சே! "லால் கொல்ஷே. எங்க புகூர் மீனுப்பா இது. மழைக்காலத்துல நாங்க சின்னப் பிள்ளைங்க எல்லாம் துண்டை விரிச்சுப் பிடிப்போம். எங்க அம்மா பொரிச்சுத் தருவாங்க. இதையா கண்ணாடிப் பெட்டியில போட்டு வச்சிருக்கீங்க?"

எனக்கு ஆச்சரியம் இரண்டு. ஒன்று, அந்தத் துண்டு. வைகைக்கரைக் கண்மாயில் நாங்கள் அயிரை பிடித்ததும் துண்டை விரித்துத்தான். இரண்டாவது, புத்தகத்தில் எத்தனையோ முறை படித்திருந்தும் அது அப்போதுதான் உறைத்தது. எட்டு மீனில் உள்ளூர்க்காரர் இந்த ஒருவர்தான்.

உலகம் முழுக்க மீன் தொட்டிகளில் வளர்க்கிற சின்ன மீன்களில் ஏகப்பட்டது வங்காளத்து வயலிலும் வாய்க்காலிலும் இருந்து போனவை. இவற்றை முதன்முதலில் முறைப்படி எழுதி வைத்தவர் பிரான்சிஸ் புகானன் ஹாமில்டன். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர். 1800-ல் சென்னையிலிருந்து கிளம்பி மைசூர், கோயம்புத்தூர், மலபார் எல்லாம் சுற்றிப் பயண நூல் எழுதினாரே, அதே புகானன்தான். பிறகு வங்காளத்தில் வருஷக்கணக்காகச் சுற்றி, கங்கையிலும் அதன் கிளைகளிலும் உள்ள மீன்களைப் பற்றி 1822-ல் ஒரு புத்தகம் போட்டார். மாஷிமாவின் கொல்ஷே அதில் இருக்கிறது, 'லாலியஸ்' என்ற பெயரில். அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், 'லால் கொல்ஷே' காதில் விழும். மனுஷன் பல மீன்களுக்கு உள்ளூர்ப் பெயரையே எடுத்து லத்தீன் வாலை ஒட்டிவிட்டார். வங்காளிகளின் 'புட்டி' மீன்தான் 'புன்டியஸ்' ஆனது. காஞ்சன் புட்டி 'கொஞ்சோனியஸ்' ஆனது, கடையில் ரோஸி பார்ப் என்று விற்கிறார்களே, அது.

அதே புத்தகத்தில் 'ரெரியோ' என்று ஒரு மீன். நம்ம ஜீப்ரா மீன்! நீலக்கோடு போட்ட, இரண்டு அங்குலம்கூட வளராத, விலை மலிவான மீன். இன்றைக்கு உலகம் முழுக்க ஆராய்ச்சிக் கூடங்களில் அதுதான் நட்சத்திரம். அமெரிக்காவில் ஒரிகன் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஸ்ட்ரைஸிங்கர் 1981-ல் வெளியிட்ட ஆய்வோடு அதன் மவுசு ஏறியது. 2013-ல் அதன் மரபணுத் தொகுதி முழுவதும் வெளியானது. மனிதனின் மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்துக்கு அதனிடம் ஜோடி உண்டாம். பெஹாலா வாய்க்கால் மீனுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்.

சரி, கதைக்கு வருவோம். எட்டுப் பேரையும் ஒன்றாக வைத்திருக்க முடியாது என்பது தெளிவு. யாரை அனுப்புவது, எங்கே அனுப்புவது?

பக்கத்து கிளப் பையன் ஒருவன் கேபிள் விஷயமாக வந்தவன் தீர்ப்பே சொல்லிவிட்டான். "இதுக்கா தாதா கவலைப்படுறீங்க? எதிர்லதான் புகூர் இருக்கே. பெருசா இருக்கிறதை அதுல விட்டுடுங்க. பாவம், சுதந்திரமா இருக்கும்."

நல்ல மனசோடு சொல்கிற யோசனை இது. ஆனால் இதைவிடப் பெரிய கெடுதல் வேறு இல்லை. கொல்கத்தாவுக்குக் கிழக்கே ஒரு பெரிய சதுப்பு நிலம் இருக்கிறது. சுமார் 12,500 ஹெக்டேர். நகரத்தின் கழிவு நீர் அங்கே குளங்களில் தேங்கி, வெயிலாலும் பாசியாலும் சுத்தமாகி, அதிலேயே மீன் வளர்ந்து திரும்ப நகரத்துச் சந்தைக்கு வருகிறது. 2002-ல் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். அந்தக் குளங்களுக்குள் இப்போது சக்கர் மீன் புகுந்திருக்கிறது. ஏதோ ஒரு வீட்டுத் தொட்டியிலிருந்தோ பண்ணையிலிருந்தோ தப்பிய பரம்பரை. உடம்பெல்லாம் கவசம், முள். வலையைக் கிழிக்கும். கரையைக் குடைந்து முட்டை வைக்கும். மற்ற மீனுக்கான தீனியைத் தின்னும். சந்தையில் விலையும் போகாது. தமிழ்நாட்டு ஏரிகளிலும் இதே தொல்லைதான். ஒருவர் 'பாவம்' என்று விடுகிற மீன் இன்னொருவர் பிழைப்பில் மண்ணைப் போடும். எங்கள் புகூரில் இன்னும் கொல்ஷே பாக்கி இருந்தால் அதுவும் காலி.

பையனிடம் இதைச் சொன்னேன். "அப்படியா?" என்று கேட்டுக்கொண்டான். ஆனால் மகளிடம்தான் மாட்டிக்கொண்டேன். அவளுக்கு ஒன்பது வயது. ஆஸ்கர் அவள் விரலைப் பார்த்து ஓடிவரும். மீன்களிலேயே ஆளை அடையாளம் தெரிந்துகொள்கிற மாதிரி நடக்கிற மீன் அது.

"அது என்ன தப்பு பண்ணுச்சு? ஏன் அனுப்புறீங்க?"

"தப்பு எதுவும் பண்ணலடா."

"வேற ஊர் மீனுன்னா? நாமளும் வேற ஊர்தானே அப்பா?"

அந்த ஜூன், ஜூலை மாதங்களில் அவள் புதுப் பள்ளிக்கூடத்தில், புரியாத வங்காளி வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மதியச் சாப்பாட்டை யாரோடும் சேர்ந்து சாப்பிடுவதில்லை என்று டீச்சர் சொல்லியிருந்தார். கேள்வி மீனைப் பற்றியது மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். வாய்க்கு வந்த பதிலைச் சொல்லிச் சமாளிக்க மனசு வரவில்லை.

மறுநாள் சாயங்காலம் பழைய அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்தேன். ஸ்கேல் வைத்து அளந்து ஓரடி நீளத்துக்கு ஆஸ்கர் வடிவத்தில் ஒரு அட்டை வெட்டச் சொன்னேன். கண், துடுப்பு எல்லாம் வரைந்தாள். "இப்ப இதைத் தொட்டி மேல வச்சு, இந்தப் பக்கம் பார்க்கிற மீனை அந்தப் பக்கம் திருப்பு" என்றேன். தொட்டியின் அகலம் ஓரடி. அட்டை ஓரடி. திருப்பினால் மூக்கும் வாலும் இரண்டு கண்ணாடியிலும் இடித்தது. வளைத்துத் திருப்பிப் பார்த்தாள், அட்டை மடங்கியது.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அதால திரும்பவே முடியாதுப்பா" என்றாள்.

"ஆமா. எந்த ஊர் மீனுங்கிறது பிரச்சினையே இல்ல. அதுக்கு இடம் பத்தணும், தண்ணி ஒத்துக்கணும், கூட விளையாட அதோட ஆளுங்க இருக்கணும். இந்த மூணும் கிடைக்கிற இடத்துக்கு அனுப்புறோம். தொரத்தல."

அன்றைக்கு ராத்திரி அவள் சக்கருக்கும் ஒரு அட்டை வெட்டி வைத்திருந்தாள். கோல்டு ஃபிஷ்ஷுக்கும். இப்போது வீட்டில் அதுதான் சட்டம். வளர்ந்த அளவில் அட்டை வெட்டிப் பார்க்காமல் ஒரு மீனும் உள்ளே வரக்கூடாது. நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இதைவிட நல்ல விதி பார்த்ததில்லை.

இடம் தேட ஆறு வாரம் ஆனது. டாக்கூர்புகூர் பக்கம் ஓய்வுபெற்ற ஒருவர் ஆறடித் தொட்டியில் பெரிய மீன்கள் மட்டும் வளர்க்கிறார் என்று கடைக்காரர் மூலம் தெரிந்தது. ஆஸ்கரும் சக்கரும் அவரிடம் போயின. மகளையும் கூட்டிப் போனேன். அங்கே ஆஸ்கர் ஒரு முழு வட்டம் அடித்துத் திரும்பியதை அவள் பார்க்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. பார்த்தாள். டைகர் பார்ப் மூன்றும் அலுவலக நண்பர் வீட்டில் இருந்த பன்னிரண்டோடு சேர்ந்து பதினைந்து ஆயின. கோல்டு ஃபிஷ்ஷுக்குத்தான் ராஜ வாழ்க்கை. மாஷிமா வீட்டு முற்றத்தில், மாமர நிழலில் 'சௌபாச்சா' ஒன்று இருக்கிறது. பழைய வங்காளி வீடுகளில் குளிக்கத் தண்ணீர் பிடித்து வைக்கிற சிமெண்ட் தொட்டி. சும்மா மழைத்தண்ணீர் தேங்கிக் கிடந்தது. டெங்குக் காலத்தில் மாநகராட்சி ஆட்கள் வந்து கொசுப்புழு இருக்கிறதா என்று பார்ப்பார்கள், மாஷிமாவுக்கு அது ஒரு கவலை. பாசியைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பி, ஒருநாள் ஆறவிட்டு இரண்டு கோல்டு ஃபிஷ்ஷையும் விட்டோம். இப்போது புழுவும் இல்லை, கவலையும் இல்லை.

மேலே தொட்டியில் மிஞ்சியது கொல்ஷே மட்டும். இனி அதற்கு யாரைத் துணை சேர்ப்பது? இப்போதுதான் நீங்கள் கேட்ட கேள்விக்கே வருகிறோம் :-)

முதலில் தண்ணீர். பெஹாலாவில் எங்கள் வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீரைக் கிட் வைத்துப் பார்த்தால் பிஎச் ஏழரைக்கு மேல், கொஞ்சம் கடினத் தண்ணீர். நியான் டெட்ரா மாதிரி மென்தண்ணீர் மீன் வேண்டுமென்றால் தண்ணீரோடு தினமும் மல்லுக்கட்ட வேண்டும். கப்பி, மோலி, பிளாட்டி எல்லாம் கடினத் தண்ணீரில் சந்தோஷமாக இருக்கும். நம்ம ஊர் போர்வெல் தண்ணீர்க்காரர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீரை மீனுக்காக மாற்றுவதைவிட, தண்ணீருக்கேற்ற மீனைத் தேடுவது மேல்.

இரண்டாவது, குளிர். மதுரையிலும் சென்னையிலும் ஹீட்டர் இல்லாமலே காலம் தள்ளலாம். இங்கே ஜனவரி ராத்திரி 12, 13 டிகிரிக்கு இறங்கிவிடும். கௌராமிக்கு அது ஆகாது. டிசம்பரில் 100 வாட் ஹீட்டர் போட்டு 24 டிகிரியில் வைத்தேன். தட்பவெப்பம் ஏறி இறங்கினால் மீன் உடம்பில் உப்புத் தூவிய மாதிரி வெள்ளைப்புள்ளி நோய் வரும்.

மூன்றாவது, மாடி. தொட்டிக்கும் மேல்மாடி, நடுமாடி, கீழ்மாடி உண்டு. எல்லாரையும் ஒரே மாடியில் குடி வைத்தால் சண்டைதான். மேலே நீந்துகிறவர், நடுவில் திரிகிறவர், தரையில் மேய்கிறவர் என்று பிரித்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

நாலாவது, எண்ணிக்கை. கூட்டமாக வாழும் மீனை ஜோடியாக வாங்காதீர்கள். குறைந்தது ஆறு. இதுவரைக்கும் நாம் பார்த்த டைகர் பார்ப் கதை அதுதான். இதற்கு நேர் எதிர் ஆண் கௌராமி. மூன்றடித் தொட்டிக்கு ஒரு ஆண் போதும். இரண்டு ஆண் இருந்தால் எல்லைத் தகராறு.

ஐந்தாவது, துடுப்பு. நீளத் துடுப்புக்காரரையும் கடிக்கிறவரையும் சேர்க்காதீர்கள்.

இதையெல்லாம் கணக்கில் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை கேலிஃப் ஸ்ட்ரீட் போனோம். வடக்குக் கொல்கத்தாவில் பாக்பஜார் பக்கம், கால்வாய் ஓரம் ஞாயிறுதோறும் கூடுகிற சந்தை. ஒருகாலத்தில் டிராம் கடைசியாக வந்து நிற்கிற இடம். ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ தாமதமாகத்தான் கிளம்பும் என்பதால் மஞ்சள் டாக்சி. செடி, புறா, நாய்க்குட்டி, மீன் என்று தெருவே நிறைந்திருக்கும். மீன் மட்டுமே ஒரு நீளத்துக்கு. அலுமினியப் பானையிலும் பிளாஸ்டிக் டப்பாவிலும் போட்டு, உட்கார்ந்தபடியே கையால் தண்ணீரை அடித்து அடித்துக் காற்று ஏற்றிக்கொண்டிருப்பார்கள். இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாகும் வண்ணமீன்களில் பெரும்பங்கு இந்த ஊரிலிருந்துதான் போகிறது. ஹவுராவிலும் தெற்கு 24 பர்கானாவிலும் கிராமம் கிராமமாகக் குளத்திலும் சிமெண்ட் தொட்டியிலும் இதை வளர்க்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்தச் சந்தையில் உள்ளூர்ச் சின்ன மீன் கேட்பவர்தான் கம்மி. தெற்கு 24 பர்கானாவிலிருந்து வரும் ஒரு வியாபாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "புட்டி மாச் வேணும்னா மீன் மார்க்கெட்டுக்குப் போங்க தாதா" என்றார். மகள் பையிலிருந்து அட்டை மீன்களை எடுத்து அவரிடம் காட்டினாள். அரைகுறை வங்காளியில் ஏதோ சொன்னாள். எனக்குப் பாதி புரியவில்லை, அவருக்குப் புரிந்தது. அடுத்த ஞாயிறு வரச் சொன்னார். சொன்னபடி கொண்டுவந்தார்.

வாங்கியது இவ்வளவுதான். மேல்மாடிக்கு ஜீப்ரா பத்து. தாவிக் குதிக்கும் மீன், தொட்டிக்கு மூடி கட்டாயம். நடுமாடிக்கு 'ஜெலியஸ்' என்கிற பொன்னிறக் குட்டிப் புட்டி எட்டு. ஒன்றரை அங்குலத்துக்குமேல் வளராது, யாரையும் கடிக்காது. நம்ம ஆண் கொல்ஷேவுக்குத் துணையாகப் பெண் இரண்டு. பெண்ணுக்கு அந்தச் சிவப்பு, நீலம் கிடையாது, சாம்பல் நிறம். அதனால் கடையில் யாரும் சீந்த மாட்டார்கள். கீழ்மாடிக்கு ஆறு அயிரை! மதுரை அயிரை இல்லை, அதற்கு நெருங்கிய சொந்தமான வங்காளத்து அயிரை. மணலுக்குள் புதைந்து தலையை மட்டும் நீட்டிப் பார்க்கும். கூர்க்கல் ஆகாது, மீசை தேய்ந்துவிடும் என்பதால் மெல்லிய ஆற்றுமணல் போட்டேன். அயிரைக் குழம்புக்குப் பேர்போன ஊரில் பிறந்துவிட்டு அயிரைக்கு மணல் சலித்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். தங்கமணி அடக்க முடியாமல் சிரித்தது அன்றைக்குத்தான்.

எல்லாரையும் ஒரே நாளில் உள்ளே விடவில்லை. இரண்டு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்து, முதலில் ஜீப்ரா, அப்புறம் அயிரை, அப்புறம் புட்டி, கடைசியில் பெண் கொல்ஷே. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷம். அதை நைட்ரைட்டாகவும் பிறகு அதிகக் கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா ஃபில்டர் ஸ்பாஞ்சில்தான் குடியிருக்கிறது. புதுத் தொட்டியில் அது வேர்பிடிக்க நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். எங்களுக்குப் பழைய ஸ்பாஞ்ச் இருந்ததால் அந்தக் காத்திருப்பு இல்லை. அதைக் குழாயடியில் கழுவாதீர்கள், குளோரினில் எல்லாம் செத்துவிடும். தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்து எடுங்கள், போதும்.

பூஜை லீவுக்குள் கொல்ஷேவுக்கு நூல் இரண்டும் முளைத்துவிட்டது. முதலில் கண்ணுக்குத் தெரியாத அளவு, பிறகு அரை அங்குலம். குழாய்க்குப் பின்னாலிருந்து வெளியே வந்தது. நவம்பரில் ஒரு காலை தண்ணீர் மட்டத்தில், செடிகளுக்கு நடுவே உள்ளங்கை அகலத்துக்கு நுரை. ஆண் கொல்ஷே முட்டைக்காகக் குமிழிக்கூடு கட்டியிருந்தது. மகள் கீழே ஓடிப்போய் மாஷிமாவைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். கூடவே தெருவில் விளையாடிக்கொண்டிருந்த அவள் வகுப்புப் பெண்கள் மூன்று பேர். நாலும் வங்காளியில் கீச்சுக் கீச்சென்று என்னவோ பேசிக்கொண்டன. மாஷிமா நாற்காலி போட்டு உட்கார்ந்து அரை மணி நேரம் பார்த்தார். "அறுபது வருஷமா இதைத் தின்னிருக்கேன். வீடு கட்டும்னு எனக்குத் தெரியாதே" என்றார்.

ஆக, கடைக்குப் போகும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான். என் தண்ணீர் இதற்கு ஒத்துக்கொள்ளுமா? வளர்ந்த பிறகு இதால் திரும்ப முடியுமா? கூடத் திரிய இதன் ஆட்கள் போதுமான அளவு இருக்கிறார்களா? இதன் வாய்க்குள் நுழைகிற அளவில் யாராவது இருக்கிறார்களா?

என்னை மாதிரி மூட்டை கட்டுகிற பிழைப்புக்காரர்கள் ஐந்தாவதாக ஒன்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். நான் போன பிறகு இதை யார் பார்த்துக்கொள்வார்கள்? மீன் வாங்கும்போதே இதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும், லாரி வந்து நிற்கும்போது யோசிக்கக் கூடாது.

எனக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. இருந்தாலும் மாஷிமாவிடம் இப்போதே பேசிவிட்டேன். தொட்டி அவர் வீட்டு முன்னறைக்கு இறங்கும். தீனி எவ்வளவு, தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை மாற்றுவது எல்லாம் மகள் வங்காளியில் ஒரு தாளில் எழுதிக்கொண்டிருக்கிறாள். அவள் எழுத்துப் பிழைகளை மாஷிமா சிவப்பு மையில் திருத்துகிறார்.

ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறேன், பொரிக்கக் கூடாது என்று. "யோசிச்சுச் சொல்றேன்ப்பா" என்றிருக்கிறார் :-)